93 உருப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். ஆத்தா, என் அம்மா, தவறி ஆறு மாதம் கழித்து, 2016 சித்திரையில், ஆத்தா பங்குக்கு வந்திருந்த பீங்கான் சாமான்களை இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டி அங்கே ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பெரியவர். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, காகிதத்தைப் பிரித்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, தட்டுகளைத் தனியாகவும் கிண்ணங்களைத் தனியாகவும் அடுக்கினார். எண்ணி முடித்ததும், "ஆச்சி, இது செட் இல்லை. சில்லறை" என்றார்.

முப்பது உருப்படிக்கு நாலாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். குறைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே கடையில் மங்குச் சாமான்களுக்கு, அதாவது ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் நம் பக்கத்து வீடுகளுக்கு வந்த அந்த எனாமல் தூக்குகளுக்கும் அடுக்குகளுக்கும், நல்ல விலை போட்டிருந்தார். ஓட்டல்காரர்கள் அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்களாம். பீங்கான் தட்டுக்கு அப்படி ஆள் இல்லை. "முழுசா இருந்திருந்தா வேற கதை ஆச்சி. நாலு பேருக்குத் தட்டு, மூணு கோப்பை. இதை வாங்கிட்டுப் போறவக யாருக்கு வைப்பாக?"

அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குத் தைத்தது. இந்த மூன்று கோப்பைகள் எப்படி மூன்று கோப்பைகள் ஆயின என்பது எனக்குத் தெரியும். அந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். பெட்டிகளைத் திருப்பிக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

அந்த நாளைச் சொல்வதற்கு முன் செட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் அய்யா, ஆத்தாவைப் பெற்றவர், 1939-ல் சிங்கப்பூருக்குப் போனார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கிட்டங்கியில், அதாவது நம் ஊர்க்காரர்கள் வட்டிக்கடை நடத்திய கட்டடத்தில், அடுத்தாள் வேலை, ஏஜெண்டுக்கு அடுத்த ஆள். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊர் திரும்பியிருக்க வேண்டியவர். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஊருக்குச் சியோனான் என்று பெயர் வைத்தார்கள். பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் போட்டுப் பணம் அச்சடித்தார்கள். மூன்றரை வருடம் வீட்டுக்கு ஒரு கடுதாசி போட முடியவில்லை, ஒரு காசு அனுப்ப முடியவில்லை. அய்யாவின் மனைவி, எங்கள் ஆயா, கையில் குழந்தையோடு, அவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் இருந்தார். யுத்தம் முடிந்ததும் அந்த வாழைமரத் தாள் வெறும் காகிதமாகிவிட்டது. அய்யா 1946-ல் ஊருக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடியும் கப்பலேறினார்.

1949-ல் திரும்பி வந்தபோதுதான் இந்த செட்டைக் கொண்டு வந்தார். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வரை. அங்கிருந்து ரயில், அப்புறம் மாட்டு வண்டி. தேக்குப் பெட்டிக்குள் வைக்கோல் போட்டு அடுக்கி வந்த 93 உருப்படியில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை என்று ஆயா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

93 என்ற கணக்கு ஆயா தன் நோட்டில் எழுதி வைத்தது. சாப்பாட்டுத் தட்டு, அதைவிடச் சின்ன நடுத்தட்டு, அதைவிடச் சின்ன ரொட்டித் தட்டு, சூப் தட்டு, பழக்கிண்ணம், கோப்பை, சாசர். ஏழு வகை, வகைக்குப் பன்னிரண்டு, ஆக 84. நீள்வட்டத் தட்டு பெரிது ஒன்று, சிறிது ஒன்று. ஒரு திறந்த கிண்ணம். மூடி போட்ட பாத்திரம், அதன் மூடி. சர்க்கரைக் கிண்ணம், அதன் மூடி. பால் ஊற்றும் குவளை. குழம்பு ஊற்றும் மூக்குக் கிண்ணம். அது ஒன்பது. மூடியைத் தனி உருப்படியாக எண்ணுவது பீங்கான் வியாபாரத்தில் வழக்கம்தான். செட் விற்கிறோம் என்று யாராவது "93 பீஸ்" என்று சொன்னால் 93 தட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கணக்கு இப்படித்தான்.

வெள்ளைத் தட்டு. விளிம்பில் மெல்லிய தங்கக் கோடு, அதற்கு உள்ளே சாம்பல் நிற இலைகள், இளஞ்சிவப்பில் சிறு பூக்கள். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு ரோஜாப் பூ முத்திரை. 'ரோஸ் சைனா' என்றும் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்' என்றும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆயா அதற்குப் பக்கத்திலேயே சிவப்புப் பெயிண்டில் அய்யாவின் இனிஷியலை எழுதி வைத்திருந்தார். பித்தளையிலும் வெள்ளியிலும் பெயர் வெட்டலாம். பீங்கானில் வெட்ட முடியாதே.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அய்யாவிடம் கேட்டேன், உங்களை அவ்வளவு கஷ்டப்படுத்தினவர்கள் ஊர்ச் சாமானை ஏன் வாங்கினீர்கள் என்று. அவர் ஒரு தட்டைக் கவிழ்த்து, அந்த ஆங்கில வார்த்தையின் மேல் விரலை வைத்தார். "இது என்ன தெரியுமா? இன்னொருத்தன் வந்து உக்காந்துக்கிட்ட ஊருன்னு அர்த்தம். அப்ப நாங்க இருந்தது அப்படி. இதைச் செஞ்சவன் இருந்ததும் அப்படித்தான். தட்டு செய்யிறவன் சண்டைக்கா வந்தான்?" என்றார். யுத்தத்தில் தோற்ற பிறகு ஜப்பானை அமெரிக்கப் படை பிடித்து வைத்திருந்த காலம் அது. விற்ற கடைக்காரர் தட்டைத் திருப்பிக் காட்டியபோது அந்த வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் வாங்கினாராம். அய்யா என்னிடம் யுத்த காலத்தைப் பற்றிப் பேசியது அந்த ஒரு முறைதான்.

இந்தத் தட்டுகளில் யாரும் கத்தி முள்கரண்டி வைத்துச் சாப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் சாப்பாடு இலையில்தான். ஆனால் செட் பெட்டகத்துக்குள் பூட்டியே கிடந்தது என்றும் சொல்ல முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும், மாப்பிள்ளைகள் வரும்போதும் ஆயா இரண்டாங்கட்டில் பாயை விரித்து அதை வெளியே எடுப்பார். சூப் தட்டில் கவுனி அரிசி. நடுத்தட்டில் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும். மூடி போட்ட பாத்திரத்தில் பால்பணியாரம். மூக்குக் கிண்ணத்தில் தேங்காய்ப்பால், வேண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ள. அந்தக் கிண்ணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எந்த ஊரிலும் கிடைத்திருக்காது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, பன்னிரண்டு தட்டும் ஒரே மாதிரி இருக்கும். அது பார்க்கவே நிறைவாக இருக்கும்.

அய்யா 1981-ல் போனார். ஆயா 1996-ல்.

வீடு அம்மானுக்கு. ஆயாவின் சொந்தச் சாமான்கள் மூன்று பெண்களுக்கும். பெரியாத்தா, ஆத்தா, சின்னாத்தா. மூன்று பேருக்கும் நடுவில் மனத்தாங்கல் எதுவும் கிடையாது. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் செட் பிரிந்தது சண்டையால் இல்லை, நியாயத்தால். வெள்ளியை எடை போட்டுப் பிரித்தார்கள். பித்தளையைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். பீங்கான் முறை வந்தபோது, அதையும் மூன்றாகப் பிரித்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது என்று பெரியாத்தா சொன்னார். மற்ற இரண்டு பேரும் சரி என்றார்கள். அதற்குள் இரண்டு கோப்பையும் ஒரு பழக்கிண்ணமும் உடைந்து 90 உருப்படி ஆகியிருந்தது. ஆளுக்கு முப்பது. சரியாக வகுபட்டது. தட்டு வகைகளெல்லாம் நாலு நாலு. கோப்பை ஒருவருக்கு நாலு, மற்றவர்களுக்கு மூன்று. நாலு கோப்பை எடுத்தவருக்குப் பழக்கிண்ணம் மூன்று. நீள்வட்டத் தட்டுகளும் திறந்த கிண்ணமும் பெரியாத்தாவுக்கு. மூடிப் பாத்திரமும் மூக்குக் கிண்ணமும் ஆத்தாவுக்கு. சர்க்கரையும் பாலும் சின்னாத்தாவுக்கு.

நான்தான் தினசரிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அப்போது எனக்கு 32 வயது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்றால், மூன்று வீட்டிலும் அந்தச் சாமான் புழக்கத்திலிருந்தே போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. நாலு தட்டை விருந்துக்கு எடுக்க முடியாது. தினப்படிக்கு எடுக்க மனசு வராது. ஆத்தாவின் பங்கு சென்னை ஃபிளாட்டில் ஒரு ஸ்டீல் பீரோவின் கீழ்த்தட்டில் பத்தொன்பது வருடம் இருந்தது. ஒரு முறைகூட அதில் பால்பணியாரம் ஊற்றியதாக எனக்கு ஞாபகம் இல்லை. நிலத்தைப் பிரித்தால் ஆளுக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கும். தங்கத்தை உருக்கிப் பிரித்தாலும் தங்கம்தான். இது அப்படி இல்லை. ஆயா கைதவறிப் போட்டு உடைத்தது 47 வருடத்தில் மூன்று உருப்படி. நாங்கள் பாசத்தோடு உட்கார்ந்து ஒரு மத்தியானத்தில் 90 உருப்படியையும் உடைத்தோம். கடைக்காரர் சில்லறை என்று சொன்னபோது எனக்குப் புரிந்தது இதுதான்.

திரும்பச் சேர்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பெரியாத்தாவின் பங்கு கோயம்புத்தூரில் அவர் மகன், எனக்கு அண்ணன், வீட்டுப் பரணில் இருந்தது. போய்க் கேட்டேன். ஏணி போட்டு ஏறி இறக்கினார். நான் 1996-ல் சுற்றிய அதே காகிதம். முப்பதும் இருந்தன. தட்டின் அடிவட்டம் பளபளப்புப் பூச்சு இல்லாத இடம், அங்கே மட்டும் அச்சு மை கொஞ்சம் ஏறியிருந்தது. மற்றபடி சோப்புத் தண்ணீரில் கழுவியதும் புதுசு மாதிரி ஆகிவிட்டது. பணம் கொடுக்கப் போனேன், அண்ணன் வாங்கவில்லை. "எனக்கு ஒண்ணு மட்டும் செய். எல்லாம் சேர்ந்த அப்புறம் எங்களை ஒரு நாள் கூப்பிடு" என்றார்.

நியூஜெர்சிதான் கஷ்டமாக இருந்தது. சின்னாத்தாவின் மகள், என்னைவிட ஒன்பது வயது இளையவள், தன் பங்கை அங்கே கொண்டுபோயிருந்தாள். போனில் நான் எடுத்த எடுப்பில் என்ன விலை போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டுவிட்டேன். அண்ணனிடம் பணத்தை நீட்டிப் பழகிய அதே நினைப்பு. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆச்சி, எங்க ஆத்தா வீட்டுச் சாமான்னு இந்த ஊர்ல எனக்கு இருக்கிறது இது மட்டும்தான். அதை விலை கேக்குறீங்களே" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். தப்பு என் பேரில்தான். எட்டு மாதம் அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

பிறகு அவளே போட்டோ அனுப்பினாள். அவள் வீட்டில் அது தினமும் புழங்கியிருக்கிறது. முப்பதில் பத்தொன்பது மிஞ்சியிருந்தன. டிஷ்வாஷரில் போட்டுப் போட்டு நிறைய தட்டுகளில் தங்கக் கோடு மறைந்துவிட்டது. தங்கம் பளபளப்புப் பூச்சுக்கு மேலே வைத்துச் சுடப்படுவது. தேய்க்கத் தேய்க்கப் போகும், சூடான சோப்புத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம் போகும். மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். அதுவும் ஒரு முறை நடந்திருக்கிறது. ஆனால் மூன்று வீட்டில் அவள் ஒருத்திதான் அதில் சாப்பிட்டிருக்கிறாள். அந்தப் போட்டோவில் தங்கம் போன தட்டில் இட்லி இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை.

இந்த செட் யார் செய்தது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்று ஒரு கடை. 1981-ல் பாப் பேஜ் என்பவர் ஆரம்பித்தது. கம்பெனிகள் செய்வதை நிறுத்திவிட்ட பழைய பீங்கான் வகைகளை ஒற்றை ஒற்றையாக வாங்கி, ஒற்றை ஒற்றையாக விற்பதுதான் அவர்கள் தொழில். உடைந்த ஒரு கோப்பைக்கு ஜோடி தேடுகிறவர்களுக்கென்றே ஒரு கடை. தட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினால் என்ன வகை என்று பார்த்துச் சொல்கிறார்கள். இவள் அனுப்பினாள். பதில் வந்தது: நோரிடாக்கே.

முத்திரையில் அந்தப் பெயரே இல்லையே என்று நான் நம்பவில்லை. விவரம் தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நோரிடாக்கே என்பது ஜப்பானில் நகோயா பக்கத்து ஊர்ப் பெயர். 1904-ல் மொரிமுரா சகோதரர்கள் அங்கே தொழிற்சாலை வைத்தார்கள். மேற்கத்திய முறை சாப்பாட்டு செட் ஒன்றை முழுதாக வெளியே விட அவர்களுக்குப் பத்து வருடம் பிடித்தது, 1914-ல்தான் முடிந்தது. தடை என்ன தெரியுமா? 25 சென்டிமீட்டர் சாப்பாட்டுத் தட்டு. அதைத் தட்டையாகச் சுட்டெடுக்க வரவில்லை. கோப்பையும் கிண்ணமும் வந்துவிடும். அகலமான தட்டு சூளைக்குள் நடுவில் தொய்ந்துவிடும். இப்போதும் பழைய தட்டு வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சமமான மேஜையில் வைத்து விளிம்பை ஒரு விரலால் அழுத்தினால் ஆடக் கூடாது.

யுத்தம் முடிந்த கையோடு அந்தத் தொழிற்சாலைக்கு நல்ல மண்ணும் இல்லை, நல்ல சாமானும் இல்லை. செய்தது பழைய தரத்துக்கு வரவில்லை என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது. அதனால் 1946 முதல் 1948 வரை தங்கள் பெயரைப் போடாமல், ரோஜாப் பூவைப் போட்டு 'ரோஸ் சைனா' என்று விற்றார்கள். தரம் திரும்பியதும் பெயரும் திரும்பியது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயர் போட வெட்கப்பட்டு ஒருவர் செய்து அனுப்பிய தட்டு. மூன்றரை வருடச் சம்பாத்தியம் காகிதமாகிப் போன ஒருவர் அதை வாங்கியிருக்கிறார். அய்யாவுக்கு இந்த ரோஜாவின் அர்த்தம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தால் அந்தத் தட்டை இன்னும் பிரியமாகத்தான் வைத்திருப்பார்.

கிரீன்ஸ்பரோவில் எங்கள் வகைக் கோப்பை இரண்டு இருந்தது. தபால் செலவு தவிர்த்து 38 டாலர். அவளே பணம் கட்டி வாங்கினாள். 2018 டிசம்பரில் ஊருக்கு வந்தபோது பதினாலு உருப்படியையும் இந்த இரண்டு கோப்பையையும் துணிகளுக்கு நடுவில் சுற்றி, கைப்பையிலேயே கொண்டுவந்தாள். சர்க்கரைக் கிண்ணம், அதன் மூடி, பால் குவளை, ஒரு கோப்பை, ஒரு சாசர், இந்த ஐந்தை மட்டும் அவளே வைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை. காலையில் அவள் தனியாகக் காபி குடிக்க அந்த ஐந்தும் போதும். அது பிரிந்து கிடப்பதாக எனக்குத் தோன்றவில்லை, அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

காரைக்குடிக் கடைக்காரரும் மறக்கவில்லை. 2019-ல் போன் பண்ணினார். வேறொரு ஊர் வீட்டைப் பிரித்தபோது வந்த சாமானில் அதே பூ, அதே ரோஜா முத்திரை. இரண்டு சாப்பாட்டுத் தட்டு, ஒரு சூப் தட்டு. அன்றைக்கே பஸ் ஏறினேன். அந்த வீட்டு ஆச்சியும் அடியில் இனிஷியல் எழுதியிருந்தார், பச்சைப் பெயிண்டில். அவர்களில் யாரோ ஒருவரும் அதே காலத்தில் அதே கடைத்தெருவில் நடந்திருக்க வேண்டும். துடைத்துத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். மூன்று தட்டுக்கும் தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்தேன். எனக்கு அவர் கொடுக்க வந்த விலையைக் கணக்குப் பார்த்தால் தட்டு ஒன்று இரண்டு மடங்குக்கு மேல். அதில் வருத்தமில்லை. தேடுகிறவருக்கு ஒரு விலை, விற்கிறவருக்கு ஒரு விலை என்பதுதான் இந்தத் தொழில். வீட்டில் செட் இருந்து விற்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் மனசு நோகாது. வாங்கும் ஆளுக்கு அது எத்தனை வருடம் அலமாரியில் கிடக்கப் போகிறது என்ற கணக்கும் உண்டு. பரிமாறும் பாத்திரங்களுக்கும், மூடியோடு இருக்கும் கிண்ணங்களுக்கும் எப்போதும் கேட்பார் உண்டு. வெறும் தட்டுக்குக் குறைவு.

தெரிந்தவர்கள் இப்போது என்னிடம் தட்டைக் கவிழ்த்துப் போட்டோ அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஜப்பான் சாமானில் 'நிப்பான்' என்று இருந்தால் பொதுவாக அது 1921-க்கு முந்தையது. அமெரிக்கச் சுங்கத்தில் அந்த வார்த்தை செல்லாது என்று சொன்ன பிறகு 'ஜப்பான்' என்று போட்டார்கள். 'ஆக்குபைட் ஜப்பான்' என்றால் 1947-க்கும் 1952-க்கும் நடுவில். நோரிடாக்கே என்று போட்டு ஸ்ரீலங்கா என்றும் இருந்தால் பயப்பட வேண்டாம், போலி இல்லை, அவர்களுக்கு மாத்தளையில் தொழிற்சாலை இருக்கிறது. போன் சைனாவா என்று சைவச் சாப்பாட்டு வீடுகளில் கட்டாயம் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். போன் சைனாவில் மாட்டெலும்பைச் சுட்ட சாம்பல் பாதி அளவு வரை சேரும். இங்கிலாந்தில் ஸ்போட் குடும்பத்தார் 1800-ஐ ஒட்டிய வருடங்களில் நிலைநிறுத்திய முறை அது. வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு வகையிலும் விரல் நிழல் தெரியும், ஆனால் போன் சைனாவின் வெள்ளை பால் வெள்ளை, கொஞ்சம் தந்தம் கலந்த மாதிரி. சாதாரண உயர்சூட்டுப் பீங்கானின் வெள்ளை கொஞ்சம் நீலம் தட்டும். எங்கள் செட் இரண்டாவது வகை.

வாங்கும்போது நகத்தால் சுண்டிக் கேளுங்கள். முழுசாக இருந்தால் மணி மாதிரி இழுத்துச் சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் 'டொக்' என்று அடங்கிவிடும். பழைய வண்ணங்களிலும் பூச்சிலும் ஈயம் இருக்கக்கூடும், அதனால் புளிக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சை சாதம் இதையெல்லாம் பழைய பூப்போட்ட பாத்திரத்தில் வைத்து ஊறவிடாதீர்கள். நான் பலகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், எடுத்ததும் கழுவிவிடுகிறேன். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் பழைய வேட்டித் துணி. கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில்லை, பிடியில் கொக்கி மாட்டித் தொங்கவிடுவதும் இல்லை.

2020 தைப் பொங்கலுக்கு அண்ணனையும் குடும்பத்தையும் கூப்பிட்டேன். அம்மான் வீட்டிலிருந்தும் வந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு பேர். ஃபிளாட்டில் இடம் போதாமல் ஹாலில் சோபாவை ஒதுக்கிப் பாய் விரித்தோம். பன்னிரண்டு சாப்பாட்டுத் தட்டு, அதில் இரண்டு பச்சை இனிஷியல், இரண்டு தங்கம் போனது. பன்னிரண்டு நடுத்தட்டு. பன்னிரண்டு சூப் தட்டு. அண்ணன் தன் தட்டைச் சாப்பிடும் முன் கவிழ்த்துப் பார்த்தார், அய்யாவின் எழுத்து தெரிந்தது, திரும்ப நிமிர்த்தி வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஆயாவின் நோட்டில் அவர் எழுதிய பட்டியலுக்குக் கீழேயே நான் எழுதினேன். சாப்பாட்டுத் தட்டு 12, நடுத்தட்டு 12, ரொட்டித் தட்டு 11, சூப் தட்டு 12, பழக்கிண்ணம் 8, கோப்பை 9, சாசர் 9, பரிமாறுவது 6. ஆக 79. நியூஜெர்சியில் 5.

எனக்கு ஒரு மகன், ஒரு மகள். போன மாதம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன்: இது ஒருவருக்குத்தான். மற்றவருக்கு இதன் மதிப்புக்கு வேறு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இதைப் பிரிக்கக் கூடாது, எழுதியும் வைக்கப் போகிறேன். மகளுக்குக் கொடுப்பேன் என்றுதான் மனசுக்குள் நினைத்திருந்தேன். எங்கள் வழக்கத்தில் இந்தச் சாமானெல்லாம் பெண்கள் வழியாகத்தான் வந்திருக்கிறது. அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அண்ணனுக்குக் கொடுங்க ஆத்தா. வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டு ஆக்கிப் போடுறது அவன்தான்" என்றாள்.

அவன் எழுந்து போய் அலமாரியிலிருந்து மூக்குக் கிண்ணத்தை எடுத்து வந்தான். பால்பணியாரத்துக்குத் தேங்காய்ப்பால் எந்தப் பதத்தில் இருந்தால் இதன் மூக்கில் சொட்டாமல் விழும் என்று கேட்டான்.